பெயர், எண், பத்தி: தீர்ப்பை எடுத்தாள்வதில் ஆள்வது யார்?

1

தீர்ப்புகளை நம்மவர்கள் பழமொழி மாதிரி பயன்படுத்துகிறார்கள். கண்டன அறிக்கையோ, உண்மை அறியும் குழுவின் வெளியீடோ, சிறுபத்திரிகைக் கட்டுரையோ, எதுவானாலும் சரி, நடுவில் ஓரிடத்தில் 'உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது' என்று ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த வழக்கு, எந்த ஆண்டு, எத்தனை நீதிபதிகள், தீர்ப்பின் எந்த இடத்தில் அந்த வாசகம் வருகிறது, பிறகு அது நிலைத்ததா தூக்கியெறியப்பட்டதா, ஒன்றும் இருக்காது. வக்கீல்களின் எழுத்து இதற்கு நேர்மாறு. அங்கே பெயரும் ஆண்டும் அடைப்புக்குறியும் எண்ணும் வரிசை கட்டி நிற்கும். யாருக்கு என்ன நடந்தது என்பது மட்டும் தெரியாது. ஒருபக்கம் எண்ணில்லாத வாசகம், மறுபக்கம் ஆளில்லாத எண். இந்த இரண்டுக்கும் இடையில் தொலைவது என்ன என்பதுதான் இங்கே கேள்வி.

மேற்கோள் காட்டுவது தமிழ் படித்தவனுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் சொல்லிப் போகிறது. யார் சொன்னார்கள்? பெயர் கிடையாது. நச்சினார்க்கினியரும் பேராசிரியரும் எடுத்துக்காட்டும் வரிகள் பலவற்றுக்கு நூற்பெயர் கிடையாது. அவை எங்கிருந்து வந்தவை என்று தேடிக் கண்டுபிடிப்பதே உ.வே.சா.வின் பதிப்பு வேலையில் ஒரு பெரும்பங்காக இருந்தது. அவையில் இருப்பவனுக்கு வரி மனப்பாடம், ஆகவே ஊர் பேர் சொல்லவேண்டியதில்லை என்ற நம்பிக்கையில் நின்ற மரபு அது. (அந்த அவையில் யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்பது வேறு விசாரணை.) 'உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது' என்று எழுதும் தோழர் தம்மை அறியாமல் இந்த 'என்ப' மரபில்தான் நிற்கிறார்.

ஆனால் நீதிமன்றத்தின் மேற்கோள் வேறு சாதி. இலக்கண உரையில் ஒரு மேற்கோள் தவறினால் ஒரு சூத்திரத்தின் பொருள் மாறும், அவ்வளவுதான். நீதிமன்றத்தில் மேற்கோள் மாறினால் ஆள் உள்ளே போவான். சட்ட வியாக்கியானம் நடப்பது வலியும் சாவும் நிறைந்த களத்தில் என்று ராபர்ட் கவர் 1986ல் எழுதியதன் பொருள் இதுதான். நீதிபதி வாசித்து முடித்ததும் அந்த வாசிப்பைச் செயல்படுத்தப் போலீஸும் சிறையும் காத்திருக்கின்றன. வேறெந்த வாசகனுக்கும் இந்த வசதி இல்லை. தமிழில் 'எடுத்தாளுதல்' என்கிறோம். எடுப்பதோடு முடிவதில்லை, ஆளுதலும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

2

முதலில் பெயர்.

'மதுரா வழக்கு' என்று பெண்ணிய இயக்கங்கள் சொல்லும் வழக்குக்குச் சட்டப் புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லை. 1972 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்து தேசாய்கஞ்ச் போலீஸ் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமி மீது நடந்த பாலியல் வன்முறை. செஷன்ஸ் நீதிமன்றம் போலீஸ்காரர்களை விடுவித்தது. உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தண்டித்தது. உச்சநீதிமன்றம் 1978 செப்டம்பரில் மறுபடி விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, ஆகவே எதிர்ப்பு இல்லை, ஆகவே சம்மதம் என்பதாகப் போனது அந்தத் தர்க்கம். இந்தத் தீர்ப்பு சட்ட எழுத்தில் 'துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு' என்று வழங்கும். துக்காராம் யார்? குற்றம் சாட்டப்பட்ட தலைமைக் காவலர்.

இது யாரோ ஒரு குமாஸ்தாவின் அலட்சியமல்ல. மேல்முறையீட்டுக்குப் போகிறவர் பெயர் முன்னால் வரும் என்பது முறை. உயர்நீதிமன்றம் தண்டித்தது, தண்டிக்கப்பட்டவர் மேலே போனார், அவர் பெயர் முன்னால் வந்தது. எதிரில் நிற்பது அரசு. ஏனென்றால் குற்றவியல் வழக்கை நடத்துவது அரசுதான், பாதிக்கப்பட்டவள் கட்சிக்காரர் அல்ல. அவள் சாட்சி. தலைப்பில் அவளுக்கு இடமில்லாமல் போவதற்குக் காரணம், வழக்கின் கட்டமைப்பிலேயே அவளுக்கு அந்த இடம் இல்லை என்பது. பிறகு ஒவ்வொரு வக்கீலும் ஒவ்வொரு முறையும் அந்தத் தலைப்பைத் திருப்பிச் சொல்லும்போது இந்தக் கட்டமைப்பும் சத்தமில்லாமல் திருப்பிச் சொல்லப்படுகிறது.

1997ன் விசாகா தீர்ப்பையும் பாருங்கள். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன குயவர் சாதிப் பெண் பன்வாரி தேவி. அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊழியர். 1992ல் அவர்மீது கூட்டு வன்முறை நடந்தது. 1995ல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. இந்தக் கொடுமையை முன்னிட்டுப் பெண்கள் அமைப்புகள் போட்ட பொதுநல வழக்கில்தான் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிமுறைகள் பிறந்தன. 2013ல் சட்டமும் வந்தது. நாடெங்கும் அலுவலகங்கள் 'விசாகா கமிட்டி' அமைத்தன. விசாகா ஒரு அமைப்பின் பெயர். தீர்ப்பில் பன்வாரி 'ஒரு சமூக ஊழியர்' மட்டுமே. அந்தச் சம்பவம் தனிக் குற்ற வழக்கின் பொருள், இங்கே மேலும் பேசவேண்டியதில்லை என்று ஒதுக்கிவிட்டு நீதிமன்றம் நெறிமுறைக்குப் போய்விடுகிறது. அவர் பட்ட பாட்டிலிருந்து விதி பிறந்தது. விதியின் தலைப்பில் அவர் இல்லை. அவரது சொந்த வழக்கோ விடுதலையில் முடிந்தது.

பெயர் வருகிற இடத்தில் என்ன நடக்கிறது? நமக்கு நன்றாகத் தெரிந்த 1951ன் செண்பகம் துரைராஜன் வழக்கு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைப்படி ஒவ்வொரு 14 இடத்துக்கும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரியில் தமக்கு இடம் கிடைக்காது என்று வழக்குப் போட்டார் செண்பகம். அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அரசு அதை ஆட்சேபிக்காததால் வழக்கு நடந்தது, அரசாணை செத்தது. அதன் எதிர்வினையாகத்தான் முதல் அரசியல் சட்டத் திருத்தமும் 15(4) பிரிவும் வந்தன. விண்ணப்பம் போடாத ஒருவர் பெயர் எழுபத்தைந்து ஆண்டுகளாகச் சட்ட நினைவில் நிற்கிறது. அந்த ஆணையால் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் 'சென்னை அரசு' என்ற சொல்லுக்குப் பின்னால் முகமில்லாமல் நிற்கிறார்கள். உரிமை என்று வரும்போது சட்டத்துக்குத் தனிமனிதப் பெயர் வேண்டியிருக்கிறது, கூட்டு உரிமைக்குப் பெயர் வைக்க அதற்குத் தெரியவில்லை.

சரி, அப்படியானால் பாதிக்கப்பட்டவர் பெயரைத் தலைப்பில் ஏற்றிவிட்டால் தீர்ந்ததா? அவ்வளவு லேசில்லை. மதுரா வழக்கை ஒட்டி எழுந்த போராட்டத்தின் விளைவான 1983ம் ஆண்டுத் திருத்தம்தான், பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவதையே குற்றமாக்கியது. 2018ல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்சநீதிமன்றம் இதை இறந்துபோனவர்களுக்கும் நீட்டியது. பெயரின்மை அழிப்பாகவும் இருக்கலாம், பாதுகாப்பாகவும் இருக்கலாம். எது எப்போது என்பதை முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது என்றுதான் பார்க்கவேண்டும். பன்வாரி தேவி தம் பெயரைத் தாமே முன்வைத்துப் பேசினார். அவர் பெயரை விட்டுவிடுவதும், பேசவே வழியில்லாத ஒரு சிறுமியின் பெயரை மறைப்பதும் ஒன்றல்ல.

3

பெயரைவிட முக்கியமானது மௌனம். ஒரு தீர்ப்பு எதை மேற்கோள் காட்டவில்லை?

மதுரா வழக்கின் தீர்ப்புக்கு எதிராக 1979 செப்டம்பரில் நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார். அதன் அரசியல் தாக்கத்தைப் பலரும் பேசியிருக்கிறார்கள். அதன் எழுத்துமுறையை நம் பக்கத்தில் அதிகம் பேசியதில்லை. அடங்கிப்போவதும் சம்மதிப்பதும் ஒன்றல்ல என்ற வேறுபாட்டை எடுத்துவைத்ததோடு மடல் நின்றுவிடவில்லை. நீதிமன்றத்தின் சொந்த நினைவையே நீதிமன்றத்துக்கு எதிராகத் திருப்பிவிட்டது.

எப்படி? அதே 1978ல், ஏப்ரலில், நந்தினி சத்பதி வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. பெண்களை விசாரணைக்கென்று போலீஸ் நிலையத்துக்கு வரவழைக்கக் கூடாது, அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்கவேண்டும் என்று அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160ம் பிரிவில் இருந்தது. அதை மீறியதைக் கிருஷ்ணய்யர் அங்கே கண்டித்திருந்தார். நந்தினி சத்பதி ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர். ஐந்து மாதம் கழித்து அதே நீதிமன்றத்தின் முன்னால் ஒரு பழங்குடிச் சிறுமியின் வழக்கு. அவளையும் போலீஸ் நிலையத்துக்குத்தான் அழைத்தார்கள், இரவில் நிறுத்திவைத்தார்கள். தீர்ப்பில் அதைப்பற்றி ஒரு சொல் கண்டனம் இல்லை. சத்பதி தீர்ப்பு அங்கே இல்லவே இல்லை. முதலமைச்சருக்கு ஞாபகம் வந்த சட்டம் கூலிவேலை செய்யும் சிறுமிக்கு ஞாபகம் வரவில்லை. மடல் இந்த இடத்தில் விரல் வைத்தது.

மேற்கோள் என்பதை நினைவு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அது மறதியை விநியோகிக்கும் ஏற்பாடும்தான். கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பைக் கவனிக்காமல் தரப்பட்ட தீர்ப்புக்குச் சட்டத்தில் தனிப்பெயரே இருக்கிறது, அப்படிப்பட்ட தீர்ப்பு பின்னால் யாரையும் கட்டுப்படுத்தாது என்றும் சொல்வார்கள். ஆனால் கவனிக்கவில்லை என்பதை யாராவது ஒருவர் எழுந்து சொன்னால்தானே? அந்த நால்வர் சொன்னார்கள். தீர்ப்பு மாறவில்லை, சட்டம் மாறியது. காவலில் நடக்கும் வன்முறையில் பெண் சம்மதிக்கவில்லை என்று சொன்னால் அதையே ஊகமாகக் கொள்ளவேண்டும் என்ற பிரிவு 1983ல் சாட்சியச் சட்டத்தில் சேர்ந்தது. இன்று 2023ம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. திறனாய்வு என்ற எழுத்துவகை இந்த நாட்டில் சாதித்தவற்றை யாராவது பட்டியல் போட்டால் அந்த மடலை முதல் சிலவற்றில் வைக்கவேண்டும். அது இலக்கியத் திறனாய்வாளர்கள் எழுதியதல்ல என்பது நமக்கு உறைக்கவேண்டும்.

4

அடுத்தது எண். இது வறட்டு விஷயம் என்று புரட்டிவிடாதீர்கள், இதில் சொத்து இருக்கிறது.

'ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226' என்றால் அகில இந்திய ரிப்போர்ட்டர், 1951ம் ஆண்டு, உச்சநீதிமன்றப் பகுதி, 226ம் பக்கம். ஏ.ஐ.ஆர். 1922ல் நாக்பூரில் தொடங்கிய தனியார் வெளியீடு. எம்.எல்.ஜே. என்கிற மெட்ராஸ் லா ஜர்னல் 1891லிருந்து வருவது. எஸ்.சி.சி. 1969ல் லக்னோவிலிருந்து ஒரு புத்தக நிறுவனம் தொடங்கியது. ஆக, 'சட்டம் இங்கே இருக்கிறது' என்று வக்கீல் விரல் நீட்டும் முகவரி பெரும்பாலும் ஒரு தனியார் பதிப்பாளரின் பக்க எண். நாட்டை ஆளும் விதி அரசாங்கத்துடையது, அதற்குப் போகும் வழி கடைக்காரருடையது.

இது நீதிமன்றத்துக்கே போனது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோதக், 2007 டிசம்பர். காப்புரிமைச் சட்டப்படி தீர்ப்பின் வாசகத்தை யாரும் அச்சிடலாம். ஆனால் அதைச் செம்மைப்படுத்தி, பத்தி பிரித்து, எண்ணிட்டுத் தருகிற பதிப்பாளருக்கு அதில் உரிமை உண்டா? உழைப்பு மட்டும் போதாது, குறைந்தபட்சப் படைப்புத்தன்மை வேண்டும் என்று சொல்லிப் பெரும்பாலான திருத்த வேலைகளுக்கு உரிமையை மறுத்தது உச்சநீதிமன்றம். ஆனால் நீண்ட தீர்ப்பை அர்த்தம் பார்த்துப் பத்தியாகப் பிரிப்பதும், அவற்றுக்கு உள் எண் கொடுப்பதும், எந்த நீதிபதி எதில் உடன்பட்டார், எதில் முரண்பட்டார் என்று குறிப்பதும் சட்ட அறிவு சார்ந்த வேலை, அதற்குப் பாதுகாப்பு உண்டு என்றது. பத்தி பிரிப்பது வாசிப்பு, வாசிப்பு படைப்பு என்று நாம் பத்திருபது வருஷமாகக் கத்திக்கொண்டிருந்ததை நீதிமன்றம் ஒத்துக்கொண்ட இடம் இது. ஒத்துக்கொண்ட கையோடு அதைச் சொத்தாகவும் ஆக்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் இந்தத் தீர்ப்பைக் குறிக்கிற வழக்கமான எண், 2008ம் ஆண்டு எஸ்.சி.சி. முதல் தொகுதி, முதல் பக்கம்.

2023ல் நிலைமை கொஞ்சம் மாறியது. ஜனவரியில் உச்சநீதிமன்றம் தன் அதிகாரபூர்வத் தொகுதிகளை இணையத்தில் இலவசமாகத் திறந்தது. பிறகு பதிப்பாளரைச் சாராத பொது எண் முறையைக் கொண்டுவந்தது. ஆண்டு, நீதிமன்றத்தின் சுருக்கக் குறி, வரிசை எண், அவ்வளவுதான். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட முறை 2001லேயே வந்துவிட்டது. இந்த எண்ணை நாம் பிடித்துக்கொள்ளவேண்டும். கட்டணம் கட்டி உள்ளே போகிற தரவுத்தளத்தின் எண்ணை ஒரு துண்டறிக்கையில் போட்டால் அது வாசகனுக்குக் கதவைக் காட்டிவிட்டுச் சாவியை ஒளிப்பது. பொது எண்ணைப் போட்டால் திருவாரூரில் இருக்கிற ஒரு விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர்கூடத் தம் கைபேசியிலேயே தீர்ப்பைத் திறந்து பார்க்கமுடியும்.

திறக்கலாம், ஆங்கிலத்தில். அரசியல் சட்டத்தின் 348ம் பிரிவு இன்னும் அங்கேயே நிற்கிறது. உச்சநீதிமன்றத் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் பெயர்த்து வெளியிடப்போவதாக 2019ல் அறிவித்தபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை, சத்தம் எழுந்த பிறகு சேர்த்தார்கள். சேர்த்த மொழிபெயர்ப்பின் தலையிலும், அதிகாரபூர்வமானது ஆங்கிலப் பிரதியே என்ற எச்சரிக்கை உண்டு. தமிழில் தீர்ப்பை எடுத்தாள்கிறவன் எப்போதும் நிழலை எடுத்தாள்கிறவனாகவே வைக்கப்பட்டிருக்கிறான்.

5

இனிப் பத்தி. அதாவது, தீர்ப்பின் எந்தப் பகுதி கட்டுப்படுத்தும், எந்தப் பகுதி அலங்காரம்? வழக்கை முடிவு செய்யத் தேவையான காரணம் பின்வருகிறவர்களைக் கட்டுப்படுத்தும், போகிறபோக்கில் சொன்னது கட்டுப்படுத்தாது என்று சட்டம் படித்தவர்கள் முதல் வருஷத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். வெளியே நாமோ முடிவைப் பார்க்கிறோம், காரணத்தைப் பார்ப்பதில்லை. அல்லது அழகான வரியைப் பார்க்கிறோம். இரண்டும் ஆபத்து.

1953ல் பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்தார். திருச்சியில் நடந்ததற்கு வீரபத்திரன் செட்டியார் வழக்குப் போட்டார். கீழ்நீதிமன்றங்களும் உயர்நீதிமன்றமும் தள்ளிவிட்டன. கடையில் வாங்கிய மண்பொம்மை 295ம் பிரிவு சொல்கிற புனிதப் பொருள் ஆகாது என்று அவை கருதின. 1958ல் உச்சநீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. முடிவைப் பார்த்தால் பெரியாருக்கு வெற்றி. காரணத்தைப் படித்தால் கதை வேறு. கீழ்நீதிமன்றங்களின் விளக்கம் தவறு, ஒரு சாரார் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளும், எவ்வளவு அற்பமானதாயினும், பிரதிஷ்டை ஆகாததாயினும் அந்தப் பிரிவில் அடங்கும், நம்பிக்கையாளர் உணர்வை நீதிமன்றங்கள் கவனத்தோடு மதிக்கவேண்டும் என்றது. காலம் கடந்துவிட்டது என்பதால்தான் மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம் என்று விட்டது. முடிவு பெரியாருக்கு, வியாக்கியானம் எதிராளிக்கு. பின்னால் வருகிற நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்வது வியாக்கியானம்தான்.

எதிர்ப்பக்க உதாரணம் ஒன்று. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப்படம் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை எதிர்த்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதன் சான்றிதழை ரத்து செய்தது. 1989ல் ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன்ராம் வழக்கில் உச்சநீதிமன்றம் படத்தை மீட்டது. கலவரம் வரும் என்று சொல்லிக் கருத்தை அடக்கக்கூடாது, மிரட்டலைச் சமாளிக்க முடியாது என்று அரசு கை விரிக்கக்கூடாது, கருத்துக்கும் ஆபத்துக்கும் உள்ள உறவு வெடிமருந்துக்கும் தீப்பொறிக்கும் உள்ள உறவுபோல நெருக்கமாக இருக்கவேண்டும் என்று அது வகுத்தது. பிற்காலத்தில் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் வாதாட வந்தவர்கள் கையில் எடுத்த முதல் ஆயுதம் இந்தத் தீர்ப்பு. இடஒதுக்கீட்டுக்கு எதிரான படத்துக்காகக் கிடைத்தது, இடஒதுக்கீட்டின் பக்கம் நிற்பவர்களையும் காக்கிறது. எந்தக் கூற்றையும் அதன் பிறந்த இடத்திலிருந்து பிடுங்கி வேறிடத்தில் நடமுடியும், அப்படி நடமுடிவதாலேயே அது கூற்றாக இருக்கிறது என்று தெரிதா சொன்னதை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அந்தப் படம் நமக்குப் பிடிக்காது என்பதற்காக ரங்கராஜனை எடுத்தாளக் கூச்சப்படுகிறவர்கள், ஆயுதம் யார் பட்டறையில் அடித்தது என்று பார்த்துக்கொண்டே அடி வாங்குவார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 'மாதொருபாகன்' வழக்கு. அதற்கும் சட்டப்பெயர் வேறு. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் பெயரில் அது வழங்குகிறது. 2015 ஜனவரி 12ல் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த 'சமாதானக் கூட்டத்தில்' பெருமாள்முருகனிடம் எழுதி வாங்கினார்கள். 2016 ஜூலை 5ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. எல்லாரும் எடுத்துப்போட்டது கடைசி வரிகளை. எழுத்தாளன் உயிர்த்தெழட்டும், எழுதட்டும் என்று முடியும் அந்த இடம். அழகாகத்தான் இருக்கிறது. அதே நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் 2008ல் டெல்லியில் எம்.எஃப். ஹுசேன் வழக்கையும், தொண்ணூறு வயது ஓவியர் வீட்டிலிருந்து வரைய வேண்டியவர் என்பதாக முடித்தார். வாழ்த்து வாழ்த்துதான், அதை எடுத்துக்கொண்டு எந்தத் தாசில்தார் முன்னாலும் நிற்கமுடியாது.

நிற்கக்கூடியது வேறிடத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் எழுதி வாங்கியது எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்பது முதலாவது. சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் பொறுப்பு, அதைச் சாக்காக வைத்துக் கலைஞனைப் பின்வாங்கச் சொல்லக்கூடாது என்பது இரண்டாவது. எது அனுமதிக்கத்தக்கது என்று தெருவில் கூடுகிறவர்கள் தீர்மானிக்க விடக்கூடாது என்பது மூன்றாவது. நாளைக்கு இன்னொரு ஊரில் இன்னொரு எழுத்தாளரை, அநேகமாகப் பெயர் தெரியாத ஒரு தலித் எழுத்தாளரை, கோட்டாட்சியர் 'சும்மா பேசித் தீர்த்துக்கலாம் வாங்க' என்று கூப்பிடுவார். அன்றைக்கு அவர் பையில் இருக்கவேண்டிய பக்கங்கள் இவைதான். தமிழ்நாட்டுக்குள் கீழ்நீதிமன்றங்கள் இதைப் பின்பற்றியாக வேண்டும். எழுதி வாங்கியது செல்லாது என்பதில் வழவழா இல்லை. நாம் பத்தாண்டாகப் பரப்பியது கடைசி வரியை மட்டும். அதே தீர்ப்பு இப்படிப்பட்ட சந்தர்ப்பங்களில் காவல்துறைக்கு வழிகாட்ட நிபுணர் குழு அமைக்கச் சொல்கிறது. இலக்கியத்தின் தலைவிதியை நிபுணர் கையில் கொடுக்கும் இந்தப் பகுதியை விவாதிக்காமலே வரவேற்றோம். கடைசி வரியை மட்டும் படித்தால் இதுதான் நடக்கும்.

6

முரண்பட்ட நீதிபதியின் எழுத்தைப்பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். 1950ல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனைச் சென்னை அரசு விசாரணையின்றி அடைத்ததை உச்சநீதிமன்றப் பெரும்பான்மை ஏற்றது, ஃபசல் அலி மறுத்தார். 1978ன் மேனகா காந்தி தீர்ப்பு வரும்போது சட்டம் ஏறக்குறைய அவர் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1976ல் நெருக்கடி நிலைக் காலத்தில், ஜபல்பூர் வழக்கில், உயிரும் சுதந்திரமும் போனாலும் நீதிமன்றம் வரமுடியாது என்று நால்வர் சொல்ல, எச்.ஆர். கன்னா ஒருவர் மறுத்தார். 1977ல் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது, அவர் விலகினார். 2017ல் புட்டசுவாமி தீர்ப்பு பெரும்பான்மையை ரத்து செய்தது. ரத்து செய்து எழுதிய டி.ஒய். சந்திரசூட், அந்த நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். மறுப்புரைக்குச் சட்ட பலம் கிடையாது. ஆனால் அச்சில் கிடக்கும், ஆள் வரும்வரை காத்திருக்கும். அதை எடுத்தாளும்போது 'இது மறுப்புரை' என்று சொல்லித்தான் எடுத்தாளவேண்டும். சொல்லாமல் 'உச்சநீதிமன்றம் சொன்னது' என்று எழுதினால், அவர் தனியாக நின்ற தைரியத்தைத் திருடி நிறுவனத்துக்கு வரவு வைக்கிறோம்.

மேற்கோளின் வடிவம் மட்டுமே அதிகாரமாக வேலை செய்யும் என்பதற்கு நியூயார்க்கில் 2023ல் ஒரு கூத்து நடந்தது. அவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வக்கீல்கள் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கேட்டு ஆறு தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். ஆறும் உலகத்தில் இல்லாதவை. பெயர், 'எதிர்', பெயர், தொகுதி, பக்கம், எல்லாம் கச்சிதம். நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். இதை எந்திரத்தின் பொய் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் படிக்காத தீர்ப்பை இன்னொருவர் கட்டுரையிலிருந்து எடுத்துப்போடும் பழக்கம் எந்திரத்துக்கு முந்தியது. நம்மிடமும் உண்டு.

நாம் செய்யக்கூடியது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. வழக்குக்கு இரண்டு பெயரும் எழுதுவோம்: பதிவேட்டுப் பெயர், மக்கள் வைத்த பெயர். முதலாவது இல்லாமல் தேட முடியாது, இரண்டாவது இல்லாமல் எதற்காகத் தேடுகிறோம் என்பது மறந்துபோகும். ஆண்டும் நீதிமன்றமும் நீதிபதிகளின் எண்ணிக்கையும் போடுவோம், ஏனென்றால் இருவர் சொன்னதை ஐவர் மாற்றிவிடலாம். பொது எண்ணைப் போடுவோம். வாசகத்தை எடுத்தால் அது காரணமா, போகிறபோக்கா, மறுப்புரையா என்று ஒரு சொல்லில் சொல்வோம். பின்னால் ரத்தானதா என்று பார்ப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தீர்ப்பு யாரை, எதை மேற்கோள் காட்டாமல் விட்டது என்று எழுதுவோம். நால்வர் மடல் காட்டிய வழி இது. இதற்கு வக்கீல் பட்டம் வேண்டாம். பிரதியை வரிவரியாக வாசிக்கப் பழகிய எவரும் செய்யலாம். இலக்கியம் படித்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம்.

வேலை ஒன்று உடனே கிடக்கிறது. தமிழ்ச்செல்வன் தீர்ப்பின் அந்த மூன்று இடங்களை, பத்தி குறித்து, சுருக்கமில்லாமல், நல்ல தமிழில் பெயர்த்து நாலு பக்கத் துண்டறிக்கையாக மாவட்டந்தோறும் எழுத்தாளர் கையில் கொடுக்கவேண்டும். நிபுணர் குழு பற்றிய பகுதியையும் மறைக்காமல், நம் மறுப்போடு சேர்த்து. யார் செய்வது என்று எந்த அமைப்பும் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இந்த இதழைப் படிக்கிறவர்களே நாலுபேர் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் முடியும்.